பூமியின் ஃபிரீசர்

ஃபிரீசர் நிறைய சாளை மீன். வீட்டில் கரண்ட் போய் நாலு நாளாகிறது. கதவைத் திறந்தால் என்ன ஆகும்?

2017-இல் ஒக்கிப் புயல் அடித்து ஓய்ந்த நாட்களைப் பார்த்த குமரி மாவட்டக் கருங்கல்காரர்களிடம் இதைக் கேட்கவே வேண்டாம். மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்!

பூமிக்கும் அப்படியொரு ஃபிரீசர் உண்டு. சைபீரியா, அலாஸ்கா, கனடாவின் வடபகுதி, ஏன், நம் லடாக்கின் உயர்ந்த மலைகளிலும் கோடையில்கூட இளகாத மண் இருக்கிறது. நிரந்தர உறைபனி நிலம் என்று பெயர். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள் போலும்.

அந்த மண்ணுக்குள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் செத்த புல், வேர், பாசியெல்லாம் மக்காமல் கிடக்கின்றன. சில இடங்களில் ரோமம்கூட உதிராத மாமத யானைகள்! வடதுருவப் பக்கத்து உறைநிலத்தில் மட்டும் அடைந்து கிடக்கும் கார்பன், இன்று காற்றுமண்டலம் முழுவதிலும் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

வெப்பம் கூடினால் மண் இளகும். தூங்கிய நுண்ணுயிர்கள் எழுந்து பந்தியில் உட்கார்ந்துவிடும். அவை தின்னத் தின்ன கரியமில வாயு கிளம்பும். சதுப்பாக நீர் தேங்கிய இடமென்றால் மீத்தேனும் வரும். இரண்டும் பூமியை இன்னும் சூடாக்கும் வாயுக்கள். அந்தச் சூட்டில் இன்னும் கொஞ்சம் மண் இளகும்.

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 2008 முதல் ஹிமாத்ரி என்ற இந்திய ஆய்வு நிலையம் இயங்குகிறது. அந்த நிலையம் நிற்பதே இப்படிப்பட்ட உறைந்த மண்ணின்மேல்தான்.