சோதனையும் தூதும்

வளவனூர் என்னும் ஊர்ப்பெயரில் எழுத்துகள் எத்தனை? வ, ள, வ, னூ, ர் என ஐந்து என்பர் தொடக்கப்பள்ளிச் சிறுவரும். இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிடம் அப்பெயரின் நீளத்தைக் கேட்டால் ஏழு என்னும். யூனிகோட் முறையில் னகரமும் ஊகாரக் குறியும், ரகரமும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக நிற்பதே காரணம். விண்ணப்பப் படிவம் ஒன்று ஆறாம் குறியீட்டோடு பெயரை நிறுத்துமாயின், புள்ளி வீழ்ந்து ‘வளவனூர’ என்றாகிவிடும். மாணவர் ஒருவரின் பெயர் இவ்வாறு சிதைந்தால் சான்றிதழ்தோறும் அல்லலே.

இப்பிழையை முன்னரே காட்டுவது சோதனை நிரல். ஃபேஸ்புக் நிறுவனத்தில் தோன்றி, 2022இல் ஓப்பன்ஜேஎஸ் அறக்கட்டளையைச் சேர்ந்த ஜெஸ்ட் அதற்குரிய கட்டமைப்புகளுள் ஒன்று. ‘வளவனூர் ஐந்தெழுத்து’ என நாம் விதித்தால், எதிர்பார்த்தது 5, கிடைத்தது 7 என அது உரைக்கும். ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள இன்ட்டல் செக்மென்டர் என்னும் கருவியால் எழுத்துகளைப் பிரித்தால் ஐந்தே வரும், சோதனையும் தேறும். இவ்வாறே 247 எழுத்துகளையும் சோதிக்கலாம்.

ஆயினும் அவ்வுரை ஒருவரின் கணிப்பொறித் திரையோடு நின்றுவிடுகிறது. குழுவினர் அனைவரும் காணவும், நேற்றைய முடிவோடு இன்றையதை ஒப்பிடவும், அதனைப் பொதுத் தளத்திற்கு ஏந்திச் செல்லும் தூது வேண்டும். ரிப்போர்ட்போர்ட்டல் என்னும் திறமூலத் தளம் ஜெஸ்டுக்கென அத்தகைய முகவர் நிரலை வழங்குகிறது.

இணைக்கும் முறை எளிது. முகவரை என்பிஎம் வழியே நிறுவுக. ஜெஸ்டின் அமைப்புக் கோப்பில் ‘ரிப்போர்ட்டர்ஸ்’ பட்டியலில் அதனைச் சேர்க்க. தளத்தின் முகவரி, திட்டப்பெயர், சோதனை ஓட்டத்தின் பெயர், நுழைவுத் திறவி ஆகியவற்றைத் தருக. பட்டியலில் ‘டிஃபால்ட்’ என்பது விடுபட்டால் வழக்கமான திரையறிக்கை தோன்றாது. திறவியை நிரலுக்குள் எழுதாது சூழல் மாறியில் காத்தல் வேண்டும்.

திருக்குறளின் தூது அதிகாரத்திற்கு உரை வகுத்த பரிமேலழகர், தூதரைத் தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் என இருவகைப்படுத்துவார். சோதனை முகவர் இரண்டாம் வகையைச் சார்ந்தது. தோல்வியை மறைக்கவோ மாற்றவோ அதற்கு உரிமையில்லை.

நபிமொழிகளைத் தொகுத்த அறிஞர்கள் செய்தியோடு அறிவிப்பாளர் தொடரையும் ஆய்ந்தனர் என்பதை நாம் அறிவோம். அவ்வாறே முகவரை இணைத்த அன்றே, தோற்கக்கூடிய சோதனை ஒன்றை வேண்டுமென்றே ஓட்டுக. அத்தோல்வி தளத்தில் அவ்வண்ணமே தோன்றுகிறதா எனக் காண்க. தோல்வியை உரைக்காத தூதின் வெற்றிச் செய்தியை எங்ஙனம் நம்புவது?