நட்ட முடி கொட்டுதா? ரத்தம் வருதான்னு பாருங்க!

முடி மாற்று சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு வரும் முதல் பயம், ‘தலையணையில் முடி கிடக்குதே, நட்டதெல்லாம் போச்சா?’ என்பதுதான்.

தலையில் நடப்படுவது வெறும் முடியல்ல. 1 முதல் 4 முடிகள் வரை வேரோடு இருக்கும் சிறு தோல் துணுக்கு. இதைத்தான் ‘கிராஃப்ட்’ என்கிறார்கள். முதல் சில நாட்கள் இதற்குப் பிடிமானம் குறைவு. சொறிந்தாலோ, எங்காவது இடித்துக்கொண்டாலோ கழன்று வரலாம். அப்படி வந்தால் அந்த இடத்தில் ரத்தம் கசியும். முடியின் அடியில் சதைத் துணுக்கு ஒட்டியிருக்கும். இது இழப்புதான். சுத்தமான துணியால் மெல்ல அழுத்திப் பிடித்துவிட்டு, டாக்டரை அழையுங்கள். நீங்களே திரும்பச் செருகக் கூடாது.

சுமார் 10 நாட்களில் கிராஃப்ட் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் பொருக்கோடு முடி உதிர்ந்தாலும், ரத்தம் இல்லையென்றால் பயப்பட வேண்டியதில்லை. அடியில் சிறு வெள்ளை முண்டு தெரிந்தாலும் முடியை வளர்க்கும் வேர்ப்பை உள்ளேதான் இருக்கிறது. 2 முதல் 8 வாரங்களுக்குள் நட்ட முடியில் பெரும்பகுதி கொட்டுவது வழக்கம். 3, 4 மாதங்களில் புது முடி எட்டிப் பார்க்கும்; முழுப் பலன் தெரிய ஏறக்குறைய 1 வருடம் ஆகும்.

சீழ், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி இருந்தால் மட்டும், ‘பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.