பிக்கப் வண்டியின் முன்புற உயரம்

சுமையின்றி நிற்கும் பிக்கப் வண்டியின் முன்புறம் சற்றே தாழ்ந்து காணப்படும். இது பழுதன்று. பாரம் ஏறியதும் பின்புறக் கமான் பட்டைகள் அமிழ்ந்து வண்டி மட்டமாகும்பொருட்டே இவ்வமைப்பு. முன்புறம் உரிய அளவிற்கும் கீழே அமிழ்ந்தால் மட்டுமே அதனை உயர்த்துதல் வேண்டும்.

1988-ஆம் ஆண்டின் செவர்லே நான்கு சக்கர இயக்கப் பிக்கப் போன்றவற்றில் முன்சக்கரங்களுக்கு வில்லாக அமைவது எஃகு முறுக்குத் தண்டாகும். இதன் ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் கரத்துடனும், மறுமுனை ஒரு நெம்புகோல் வழியாக வண்டிச் சட்டத்துடனும் பிணைந்துள்ளது. நெம்புகோலை அழுத்தும் போல்ட்டை இறுக்கினால் முன்புறம் உயரும். ஆயினும் தண்டின் விறைப்பு கூடுவதில்லை. அதன் தொடக்கக் கோணமே மாறுகிறது. விறைப்போ விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டம் 10 சதவிகிதம் பெருகின் விறைப்பு ஏறக்குறைய 46 சதவிகிதம் பெருகும்.

முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டயர்க் காற்றைச் சரிபார்த்து, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை இருபுறமும் அளத்தல் வேண்டும். பின்னர் சட்டத்தை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்திச் சக்கரங்களைத் தொங்கவிட்டு, போல்ட்டைச் சிறிது சிறிதாகத் திருப்புக. வண்டியை இறக்கிச் சிறிது தூரம் ஓட்டியபின் மீண்டும் அளக்க.

மிகையாக உயர்த்தின், பள்ளங்களில் சக்கரம் கீழிறங்க இடமின்றி அதிர்ச்சி மிகும். பாரம் ஏறியதும் முகப்பு நிமிர்ந்து, விளக்கொளி எதிரே வருவோரின் கண்களைக் கூசச்செய்யும். உயரம் மாறுந்தோறும் சக்கரங்களின் சாய்வையும் விளக்குகளின் நோக்கையும் திருத்துதல் இன்றியமையாதது.