ஆடம்பரமில்லாத அலமாரி

குறைவாக வாங்கு, நல்லதாக வாங்கு, நெடுநாள் உடுத்து என்கிறது வட ஐரோப்பிய உடைப் பாணி. கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால் கட்டுப்படியாகுமா?

ஜனவரி மாதத்து ஸ்டாக்ஹோமில் மதியம் மூன்று மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். சுரங்க ரயிலில் ஏறி இறங்கும் கூட்டத்தில் யார் வங்கி மேலாளர், யார் பள்ளி ஆசிரியர் என்று உடையை வைத்துச் சொல்வது சிரமம். கறுப்பு, சாம்பல், கருநீலம், சந்தன நிறம். முழங்கால் வரை ஒரு கம்பளிக் கோட்டு, உள்ளே கழுத்தை மூடிய ஸ்வெட்டர், நேரான கால்சட்டை, தடித்த அடியுள்ள தோல் பூட்ஸ். எதிலும் பூ வேலை இல்லை, கண்ணைப் பறிக்கும் வண்ணம் இல்லை, மார்பில் கம்பெனிப் பெயர் இல்லை.

ஒரு காலத்தில் 'வட ஐரோப்பாவின் சோகை' என்று பாரிசும் மிலானும் ஒதுக்கியிருக்கக்கூடிய இந்த எளிமைதான் இன்று உலகெங்கும் விலைபோகிறது. டென்மார்க், சுவீடன், நார்வே ஆகிய ஸ்காண்டிநேவிய நாடுகளின் பாணி இது. அண்டை நாடான பின்லாந்தையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். சாதாரணமாகத் தெரியும் இந்தச் சட்டைகளின் விலைச்சீட்டு மட்டும் சாதாரணமாக இருப்பதில்லை. 'இது செலவல்ல, முதலீடு' என்பது விற்பவர்களின் வாதம். மாதச் சம்பளக்காரர் ஒருவர் அந்த வார்த்தையை நம்பிப் பர்ஸைத் திறப்பதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

குளிரும் கொள்கையும்

இந்த எளிமையின் முதல் காரணம் குளிர். 'மோசமான வானிலை என்று ஒன்று இல்லை, மோசமான உடைதான் உண்டு' என்பது அந்நாடுகளில் குழந்தைகளுக்கும் தெரிந்த சொலவடை. ஆண்டில் பாதி நாட்கள் குளிருக்காக உடுத்த வேண்டிய இடத்தில் கம்பளி உடை என்பது கிட்டத்தட்ட ஒரு கருவி. கருவி உழைக்க வேண்டும், பழுதானால் சரிசெய்ய முடிய வேண்டும்.

இரண்டாவது காரணம் கொள்கை. சுவீடன் எழுத்தாளர் எல்லன் கீ 1899இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பின் பெயரே 'எல்லோருக்கும் அழகு' என்பதுதான். அழகு பணக்காரர் வீட்டோடு நின்றுவிடக் கூடாது, தொழிலாளி வீட்டு நாற்காலியும் திரைச்சீலையும் அழகாக இருக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். 1919இல் கலை வரலாற்றாசிரியர் கிரிகோர் பால்சன் 'அன்றாடப் பொருள்களில் கூடுதல் அழகு' என்ற பொருள்படும் தலைப்பில் எழுதிய சிறு நூல், தொழிற்சாலைப் பொருள்களைக் கலைஞர்கள் வடிவமைக்க வேண்டும் என்று கேட்டது. நாற்காலிக்கும் விளக்குக்கும் சொன்னது பிறகு சட்டைக்கும் வந்து சேர்ந்தது.

மூன்றாவது, சமூகக் கூச்சம். டென்மார்க்கில் பிறந்த நார்வே எழுத்தாளர் அக்செல் சாண்டமோசே 1933இல் வெளியான தன் நாவலில் 'யாண்டே' என்றொரு கற்பனை ஊரைப் படைத்து, அதற்குப் பத்து விதிகளையும் எழுதினார். 'நீ எங்களைவிட உயர்ந்தவன் என்று நினைத்துக்கொள்ளாதே' என்பதுதான் அவற்றின் சாரம். மேல்தட்டு எண்ணங்களை அடக்கிவைக்கும் ஊரைக் கிண்டல் செய்ய எழுதியதை அந்நாட்டவர் தங்கள் சுபாவத்தின் வர்ணனையாகவே எடுத்துக்கொண்டனர். பகட்டாக உடுத்துவது அங்கே இன்னும் சற்று நாகரிகக் குறைவுதான்.

மாறாத சட்டை

நெடுநாள் நிற்கும் உடை என்பது விளம்பர வாசகமா, உண்மையா? சில உடைகளின் வரலாறு உண்மை என்கிறது.

பின்லாந்தில் 1951இல் ஆர்மி ராட்டியா தொடங்கிய 'மரிமெக்கோ' நிறுவனத்துக்காக வுவோக்கோ நுர்மெஸ்நியெமி 1956இல் வடிவமைத்த 'யோகபோய்கா' சட்டை இன்றும் விற்பனையாகிறது. தூரிகையால் இழுத்தது போன்ற மெல்லிய கோடுகள், நேரான வெட்டு, அவ்வளவுதான். ஆண்களுக்காக வந்ததைப் பெண்களும் அணிந்தனர். நூற்றுக்கணக்கான வண்ணச் சேர்க்கைகளில் வந்துவிட்டது. வெட்டு மட்டும் மாறவில்லை.

டென்மார்க்கின் ஹெர்னிங் நகரில் 1931இல் தொடங்கிய பின்னலாடைக் கம்பெனி ஒன்று, வடகடல் மீனவர்களுக்காக ஒரு ஸ்வெட்டர் பின்னியது. அதன் பரப்பில் குமிழ் குமிழாக இருப்பது அலங்காரம் அல்ல. குமிழ்களுக்கிடையே காற்றைப் பிடித்துவைத்தால் உடம்புச் சூடு வெளியேறாது. தலைமுறைகள் கடந்தும் அந்த ஸ்வெட்டருக்கு வாடிக்கையாளர்கள் இருக்கின்றனர்.

சுவீடனின் 'பியெல்ராவென்' கம்பெனியின் கதை இன்னும் சுவையானது. 1966இல் கிரீன்லாந்துக்குப் போன பயணக்குழு திரும்பி வந்து, தகுந்த மேலுடை இல்லாமல் திண்டாடியதைச் சொன்னது. கூடாரத்துக்கு அதிக கனம் என்று ஒதுக்கிவைத்திருந்த துணி, நிறுவனர் ஓகே நோர்டினின் கிடங்கில் கிடந்தது. அதில் மெழுகு தேய்த்து 1968இல் ஒரு மேலங்கி தைத்தார். தேன்மெழுகும் பாராஃபினும் கலந்த கட்டியைத் துணியில் தேய்த்து இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கினால் மழை உள்ளே இறங்காது. மெழுகு கரைந்துபோனால் உடுத்துபவரே மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். அந்த 'கிரீன்லாந்து ஜாக்கெட்' இன்றும் கடையில் தொங்குகிறது.

மூன்றுக்கும் பொதுவான விஷயம், ஒரு வேலைக்காகச் செய்யப்பட்டவை என்பது. அந்த வேலை இருக்கும்வரை உடையும் பழசாகவில்லை.

அதே மண்ணின் மறுமுகம்

இதே சுவீடன்தான் உலகத்துக்கு 'எச் அண்ட் எம்' கடையையும் கொடுத்தது. 1947இல் வெஸ்டரோஸ் நகரில் எர்லிங் பெர்சன் பெண்களுக்காகத் திறந்த 'ஹென்னஸ்' என்ற சிறு கடை, 1968இல் வேட்டைக் கருவிகள் விற்ற 'மௌரிட்ஸ் விட்ஃபோர்ஸ்' கடையை வாங்கி ஆண்கள் உடைக்கும் விரிந்தது. மலிவு விலை, வாராவாரம் புதுச் சரக்கு என்ற வியாபாரத்தின் உலகப் பெயர்களில் அதுவும் ஒன்றாயிற்று. 2015இல் டில்லி சாகேத்தில் அதன் முதல் இந்தியக் கடை திறந்தபோது வாசலில் நீண்ட வரிசை நின்றது.

அந்த வியாபார முறையின் விளைவைப் பிரிட்டனின் எல்லன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017இல் கணக்கிட்டது. 2000க்கும் 2015க்கும் இடையே உலகின் ஆடை உற்பத்தி ஏறத்தாழ இரட்டிப்பானது. அதே காலத்தில் ஓர் உடை தூக்கியெறியப்படும் முன் அணியப்படும் தடவைகள் 36 சதவிகிதம் குறைந்தன. வாங்குவது கூடக்கூட உடுத்துவது குறைகிறது.

வேடிக்கை என்னவென்றால், எளிமைக்கு மவுசு வந்ததும் அதே குழுமம் 2007இல் 'காஸ்', 2017இல் 'ஆர்கெட்' என்று அடக்கமான பாணிக் கடைகளையும் திறந்தது. எளிமையும் ஒரு சரக்காகிவிட்டது. வாங்குபவர் ஒன்றை மறக்கக் கூடாது. சாம்பல் நிறமும் நேர் வெட்டும் இருந்தால் மட்டும் உடை உறுதியானதாகிவிடாது. மட்டமான துணியிலும் எளிமையாகத் தைக்கலாம். பூ வேலை இல்லாத உடையில் தையல் பிழை பளிச்சென்று தெரியும் என்பது மட்டுமே வாங்குபவருக்கு அனுகூலம்.

தங்கமல்ல, துணி

'முதலீடு' என்ற சொல்லைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். தங்கமோ நிலமோ விலை ஏறலாம். சட்டை ஏறாது. முதல் சலவையிலேயே அதன் மறுவிற்பனை விலை சரிந்துவிடும். உடையில் கிடைக்கும் ஒரே லாபம், ஒரு தடவை உடுத்த ஆகும் செலவு குறைவது.

கணக்கு எளிது. 800 ரூபாய்ச் சட்டை 20 தடவை உடுத்தியதும் காலர் நைந்துபோனால், ஒரு தடவைக்கு 40 ரூபாய். 4,000 ரூபாய்ச் சட்டை 200 தடவை உழைத்தால் ஒரு தடவைக்கு 20 ரூபாய். விலை ஐந்து மடங்கு, செலவு பாதி. ஆனால் அதே 4,000 ரூபாய்ச் சட்டையைப் 'பத்திரமாக' அலமாரியில் வைத்து ஆண்டுக்கு இரண்டு தடவை மட்டும் போட்டால், பத்து ஆண்டில் 20 தடவை. ஒரு தடவைக்கு 200 ரூபாய். லாபத்தைத் தீர்மானிப்பது விலையல்ல, உடுத்துகிற பழக்கம்.

ஆஸ்லோவில் உள்ள 'சிஃபோ' நுகர்வு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இங்குன் கிளெப், கிர்சி லைதலா ஆகியோர் பல ஆண்டுகளாக வலியுறுத்துவதும் இதை ஒட்டியதுதான். கிழிந்துபோனதால் மட்டும் மக்கள் உடைகளைக் கைவிடுவதில்லை. அளவு பொருந்தாமல் போவதும் அலுத்துப்போவதும் பெரிய காரணங்கள். உறுதியான உடை வாங்கினாலும், வாங்கும் எண்ணிக்கை குறையாவிட்டால் பயன் இல்லை. பத்து ஆண்டு உழைக்கும் கோட்டு ஐந்து வைத்திருப்பவருக்கு அது சிக்கனம் ஆகாது.

எதைப் பார்த்து வாங்குவது?

பெயரைவிடத் துணியைப் பார்ப்பது நல்லது. துணியை வெளிச்சத்தில் பிடித்தால் நெசவு சீராக இருக்க வேண்டும். பருத்தியில் நீண்ட இழைப் பஞ்சு நூலானால் சீக்கிரம் உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டாது. டி-சர்ட்டில் ஜி.எஸ்.எம். மிகக் குறைவாக இருந்தால் சில சலவைகளில் தொய்ந்துவிடும்.

பிறகு உட்புறம். உடையைப் புரட்டிப் பார்ப்பவரை எந்த விற்பனையாளராலும் ஏமாற்றுவது கடினம். பக்கத் தையல் மடித்து அடித்த இரட்டைத் தையலாக இருப்பது நல்லது. வெறும் ஓவர்லாக் மலிவானது. கால்சட்டையிலும் கோட்டிலும் உள்ளே துணி விட்டுத் தைத்திருக்கிறார்களா என்பது முக்கியம். உடம்பு பெருத்தால் பிரித்துவிட அதுதான் வழி. காஜா நெருக்கமாக அடிக்கப்பட்டிருக்க வேண்டும். பட்டனின் நூலை இழுத்துப் பார்க்க வேண்டும். கோடு போட்ட சட்டையில் பையின் கோடும் உடம்பின் கோடும் ஒத்துப்போனால், தைத்தவர் அவசரப்படவில்லை என்று பொருள்.

கம்பளிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, நாற்றமும் எளிதில் பிடிக்காது. எனவே அடிக்கடி துவைக்காமல் காற்றாட விட்டாலே போதும். வட ஐரோப்பியர் ஸ்வெட்டரைப் பெரும்பாலும் பால்கனியில் காயப்போட்டுவிடுகிறார்கள், தொங்கவிடாமல் மடித்து வைக்கிறார்கள். தொங்கினால் தோள் இழுத்துக்கொள்ளும்.

கிழிந்தால் தைப்போம்

நெடுநாள் உழைப்பு என்பது விற்பனையோடு முடியாத விஷயம். 2001இல் கோத்தன்பர்க்கில் தொடங்கிய 'நூடி ஜீன்ஸ்' தான் விற்ற ஜீன்ஸ் கிழிந்தால் இலவசமாகத் தைத்துக் கொடுக்கிறது. பழசைத் திரும்ப வாங்கிச் சரிசெய்து விற்கவும் செய்கிறது. ஸ்டாக்ஹோமின் 'ஃபிலிப்பா கே' தன் பழைய உடைகளுக்கென்றே 2008இல் தனிக் கடை திறந்தது.

அரசும் ஒரு கை கொடுத்தது. சைக்கிள், காலணி, உடை ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் கூலி மீதான மதிப்புக் கூட்டு வரியை 2017இல் சுவீடன் 25 சதவிகிதத்திலிருந்து 12 ஆகக் குறைத்தது. 2022இல் அது 6 ஆயிற்று. ஆனால் ஆட்சி மாறி, 2023இல் வரி மறுபடி ஏறியது. நல்ல பழக்கமும் பட்ஜெட்டின் தயவில்தான் நிற்கிறது.

'பசுமை' என்று சொல்லிக்கொள்வதையும் கேள்வியின்றி விடவில்லை. ஆடையின் சுற்றுச்சூழல் பாதிப்பை அளக்கும் 'ஹிக்' குறியீட்டை விளம்பரத்தில் பயன்படுத்துவது தவறான எண்ணம் தருகிறது என்று நார்வேயின் நுகர்வோர் ஆணையம் 2022இல் 'நோரோனா' என்ற உள்நாட்டுக் கம்பெனிக்குச் சொன்னது, எச் அண்ட் எம்மையும் எச்சரித்தது. கோபன்ஹேகன் ஃபேஷன் வாரத்தில் பங்கேற்க 2023 முதல் 18 குறைந்தபட்ச நிபந்தனைகள் வைக்கப்பட்டன. விற்காத உடைகளை அழிக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று.

திருப்பூரும் பானிப்பட்டும்

இந்தக் கதையின் இரு முனைகளும் இந்தியாவில் இருக்கின்றன. ஐரோப்பியக் கடைகளில் தொங்கும் பருத்திப் பின்னலாடையில் ஒரு பங்கு திருப்பூரில் தைக்கப்படுகிறது. தன் டி-சர்ட்டுகள் தயாராகும் திருப்பூர் ஆலையில் தொழிலாளர்களுக்கு வாழப் போதுமான ஊதியம் கிடைக்க, தன் பங்குக்கான கூடுதல் தொகையை நூடி ஜீன்ஸ் 2010களின் தொடக்கத்திலிருந்து தந்துவருகிறது. நல்ல விலை கொடுத்து வாங்கும் சட்டையில் தைத்தவருக்குப் போவது எவ்வளவு என்ற கேள்வியை எல்லாக் கம்பெனிகளிடமும் கேட்கலாம்.

மறுமுனை ஹரியானாவின் பானிப்பட். பணக்கார நாடுகள் கழித்துக்கட்டிய கம்பளி உடைகள் பொதி பொதியாக அங்கே வந்து, பட்டன் பிய்க்கப்பட்டு, நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, மறுபடி நூலாகிப் போர்வையாகின்றன. பல்லாண்டுகளாக நடக்கும் தொழில் இது.

சரி, சென்னையிலோ மும்பையிலோ கம்பளிக் கோட்டு வேண்டுமா? வேண்டாம். டில்லியிலும் சிம்லாவிலும் உள்ளவர் ஒரு நல்ல ஸ்வெட்டரில் பணம் போடலாம். தெற்கே இருப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டியது பாணியை அல்ல, முறையை. ஒன்றோடொன்று சேரும் நாலைந்து நிறங்கள், வெயிலுக்கு ஏற்ற பருத்தியும் லினனும், உடம்புக்கு அளவெடுத்த தையல். இதற்கு ஸ்டாக்ஹோம் முத்திரை தேவையில்லை. ஸ்காண்டிநேவியர் அதிக விலை கொடுத்துத் தேடும் இரண்டு வசதிகள் இந்தியத் தெருக்களில் இன்னும் இருக்கின்றன. அளவெடுத்துத் தைக்கும் டெய்லர் ஒன்று, கிழிசலை இழை இழையாக மூடிக் கொடுக்கும் ரபூக்காரர் இன்னொன்று. ரெடிமேடு மலிவாக மலிவாக இருவருக்கும் வேலை குறைந்துவருகிறது. பத்து ஆண்டு உழைக்கும் சட்டை வேண்டுமென்றால், பத்து ஆண்டு கழித்தும் அதைச் சரிசெய்ய ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளுக்கு இப்போதே வேலை கொடுத்தால்தான் அது நடக்கும்.