பாலம் இருக்கிறது, பாதை இல்லை: அரசின் சாலைச் செலவும் சேரியும்



இரட்டைமலை சீனிவாசன் பெயரால் நடக்கும் இந்த நினைவுச் சொற்பொழிவில் சாலையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். காரணம் அவரேதான். 1924இல் சென்னை சட்டசபையில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் எந்தச் சாதியார் நடப்பதற்கும் தடை கூடாது. பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றது அந்தத் தீர்மானம். சபை அதை ஏற்றது. அதற்கு முந்தைய ஆண்டு, 1923இல், பம்பாய் சட்டசபையில் போலே கொண்டுவந்த தீர்மானமும் இதே திசையில் போனது. அந்தத் தீர்மானம் காகிதத்தோடு நின்றதால்தான் 1927இல் மகாத்தில் அம்பேத்கர் மக்களைத் திரட்டிக்கொண்டு சவுதார் குளத்தில் இறங்கினார். கேரளத்தில் இதற்கெல்லாம் முன்பே, 1893இல், அய்யன்காளி வில்லுவண்டி கட்டிக்கொண்டு பொதுச் சாலையில் ஓட்டிப் போனார்.

இந்த வரலாறு நம் அரசியல் சட்டத்தில் 15(2) ஆகப் பதிவாகியிருக்கிறது. கிணறு, குளம், படித்துறை, சாலை, பொது இடம் ஆகியவற்றைப் பயன்படுத்த யாரையும் சாதியைச் சொல்லித் தடுக்கக்கூடாது என்கிறது அந்தப் பிரிவு. எந்தக் கிணறு, எந்தச் சாலை? முழுவதுமாகவோ பகுதியாகவோ அரசுப் பணத்தில் பராமரிக்கப்படுபவை, அல்லது பொதுமக்களுக்கென்று விடப்பட்டவை. அதாவது, அரசுப் பணம் போட்ட இடத்தில் நமக்கு உரிமை உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் பிடித்த பிடி இது.

இன்று நாம் கேட்க வேண்டியது அடுத்த கேள்வி. போட்ட சாலையில் நடக்கலாம், சரி. அந்தச் சாலை எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வது யார்? யார் கணக்கில் எழுதிப் போடுகிறார்கள்?

பாலமும் பாதையும்

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் நடந்ததை நீங்கள் படம் பிடித்த காட்சியாகப் பார்த்திருப்பீர்கள். இறந்துபோன ஒருவரின் உடலைக் கயிற்றில் கட்டி, பாலத்தின் மேலிருந்து பாலாற்றுக்குள் இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழி சாதி இந்துக்களின் பட்டா நிலத்துக்குள் மாட்டிக்கொண்டது, அவர்கள் விடவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் தீண்டாமையைப் பற்றிப் பேசினார்கள். பேசவேண்டியதுதான். நான் கூடுதலாக அந்தப் பாலத்தைப் பார்க்கச் சொல்கிறேன். அரசுப் பணத்தில் கட்டிய பாலம் அது. ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வண்டிகள் போக வேண்டும் என்று திட்டம் போட்டவர்களுக்கு, அதன் அடியில் பிணத்தோடு போகிறவர்களுக்கு ஒரு வழி வேண்டும் என்று தோன்றவில்லை. சில நூறு அடி நிலத்தைக் கையகப்படுத்தியிருந்தால் போதும். பெரிய சாலைக்காக ஏக்கர் ஏக்கராக நிலம் எடுக்கத் தெரிந்த அரசுக்கு, சுடுகாட்டுப் பாதைக்கு என்று வந்தால் மட்டும் அது தனியார் நிலமாகிவிடுகிறது.

500 மீட்டர் கணக்கு

விதிப்புத்தகத்திலும் சாதி பெயர் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும். 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் ஒன்றிய அரசின் திட்டம், நடைமுறைப்படுத்துவது மாநிலங்கள். சமவெளியில் 500 பேருக்கு மேல் வாழும் குடியிருப்புகளுக்குத் தார்ச்சாலை இணைப்பு தருவது அதன் நோக்கம். வருவாய் கிராமத்தை அலகாக வைக்காமல் குடியிருப்பை அலகாக வைத்தார்கள். இது நல்ல விஷயம். ஊரையும் சேரியையும் தனித்தனியே எண்ண இடமிருக்கிறது.

ஆனால் 'இணைப்பு இல்லாத குடியிருப்பு' என்பதற்கு அவர்கள் தந்த விளக்கத்தைப் பாருங்கள். சாலையிலிருந்தோ, ஏற்கெனவே சாலை உள்ள குடியிருப்பிலிருந்தோ குறைந்தது 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நம் சேரிகள் பல, ஊரிலிருந்து எவ்வளவு தூரம்? கூப்பிட்டால் வேலைக்கு வரவேண்டும், ஆனால் கண்ணில் படக்கூடாது, அந்தத் தூரம்தான். ஒரு வாய்க்கால், ஒரு களத்துமேடு, ஒரு புளியந்தோப்பு. அளந்தால் பல இடங்களில் 500 மீட்டர் வராது. ஆகவே ஊருக்குச் சாலை வந்தால் சேரிக்கும் வந்துவிட்டதாகக் கணக்கு. மழைக்காலத்தில் அந்த முந்நூறு, நானூறு மீட்டர் சேற்றில் கர்ப்பிணியைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாது. வரைபடத்தில் அவர் இணைக்கப்பட்டவர்.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் ஊருக்கும் சேரிக்கும் நடுவே சுவர் நின்றது. 2008 மே மாதம் அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தார்கள். அந்தச் சுவரை எல்லாரும் பார்த்தோம். 500 மீட்டர் என்பது கண்ணுக்குத் தெரியாத சுவர்.

பஸ் யாருடையது

பஸ்ஸைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டுப் போக்குவரத்தைப் பேச முடியாது. 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியதிலிருந்து அரசு பஸ் கிராமத்துக்குள் போனது. அடுத்தடுத்த இருக்கையில் தோளோடு தோள் உரச உட்கார வைத்தது பஸ். டீக்கடையில் தனிக் குவளை வைத்திருந்த ஊரில்கூட பஸ்ஸில் தனி இருக்கை போட முடியவில்லை.

அதனால்தான் 1997இல் நடந்தது நடந்தது. விருதுநகர் மாவட்டத்துப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சாதி இந்துக்கள் கிளம்பினார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் நடந்தது, உயிர்கள் போயின. அரசு என்ன செய்தது? எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. பாரபட்சம் இல்லாத நடவடிக்கை என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரு தலித் பெயரைத் தாங்க முடியாதவர்களுக்காக எல்லாப் பெயரும் போயிற்று.

2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதை நான் மனமார வரவேற்கிறேன். கூலி வேலைக்குப் போகும் நம் பெண்களின் கையில் நேரடியாகப் பணம் மிஞ்ச வைத்த செலவு இது. ஆனால் டிக்கெட் இலவசம் என்பது பஸ் வந்தால்தானே! ஊர் நிறுத்தத்தோடு திரும்பிவிடுகிற பஸ்ஸில் ஏற, காலனிப் பெண்கள் ஊர்த் தெரு வழியாக நடந்து போக வேண்டியிருக்கும் இடங்கள் இன்னும் உண்டு.

நகரத்தில் கதை வேறு மாதிரி. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதே நகரத்தில் கூவம் கரையிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் எடுக்கப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. அவர்களில் பெரும்பகுதி தலித்துகள். வீட்டு வேலை, மூட்டை தூக்குவது, பூ விற்பது எல்லாம் பழைய இடத்திலேயே இருக்க, மனிதர்களை மட்டும் கொண்டுபோய் நகரத்தின் விளிம்பில் வைத்தார்கள். சாலைக்காகவும் ரயிலுக்காகவும் இடம் கொடுத்தவர்கள்தான், இன்று வேலைக்குப் போக அதிக நேரமும் அதிகப் பணமும் செலவழிக்கிறார்கள்.

நம் பங்கு எங்கே

இனி கணக்குப் புத்தகத்துக்கு வருவோம். 1979-80இல் சிறப்புக் கூறுகள் திட்டம் வந்தது. மக்கள் தொகையில் நம் விகிதம் எவ்வளவோ, திட்ட நிதியில் அதற்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். அந்தப் பணம் தலித் மக்களுக்கே பயன்பட வேண்டும். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு. நூறு ரூபாயில் இருபது ரூபாய்.

இதில் ஓட்டை எங்கே விழுகிறது என்றால், 'எல்லாருக்கும் பொது' என்ற சொல்லில்தான். ஒரு மேம்பாலம் கட்டுகிறார்கள். அதில் தலித்தும் போகலாம். ஆகவே செலவில் ஒரு பங்கைத் தலித் நிதியில் எழுதிவிடலாம் என்கிறார்கள். டெல்லி அரசு 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக இந்த நிதியில் பல நூறு கோடியைத் திருப்பியது. அது தவறு என்று அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் மாநிலங்களவையிலேயே ஒப்புக்கொண்டார். கர்நாடகத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7(டி) பிரிவே இதற்கு அனுமதி கொடுத்தது. பிரிக்க முடியாத கட்டுமானப் பணி என்றால் ஒரு பகுதியை நம் நிதியில் செலவானதாகக் கருதலாம் என்றது. தலித் இயக்கங்கள் தொடர்ந்து எதிர்த்த பிறகு 2023இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2024இல் இந்த நிதிக்கென்று சட்டம் வந்திருக்கிறது. சட்டம் வந்ததால் வேலை முடிந்துவிடவில்லை, இப்போதுதான் தொடங்குகிறது.

மாணவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்ஜெட் ஆவணங்களில் பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீடு 789 என்ற சிறு தலைப்பில் வரும், பழங்குடியினருக்கு 796. சாலை, பாலங்களுக்கான மூலதனச் செலவு 5054 என்ற பெருந்தலைப்பு. 5054இன் கீழ் 789இல் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அது வெறும் தொகை. அந்தத் தொகையில் போட்ட சாலைகளின் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எந்தச் சாலை, எந்த ஒன்றியம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேளுங்கள். பட்டியல் வந்ததும் கைபேசியை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போங்கள். சாலை சேரிக்குள் வருகிறதா, ஊர் எல்லையில் நிற்கிறதா? சுடுகாடு வரை போகிறதா? பஸ் எங்கே திரும்புகிறது? ஓர் ஒன்றியத்தில் இதைச் செய்து முடித்து, கிராம சபையில் எழுத்தில் கொடுத்தால், எந்த அதிகாரியும் 'எல்லாருக்கும் பொது' என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

சீனிவாசன் காலத்தில் சாலை இருந்தது, நடக்க விடவில்லை. அதற்காக அவர் சட்டசபையில் எழுந்து நின்றார். இன்று நம் பெயரில் பணம் இருக்கிறது, சாலை வேறு எங்கோ போகிறது. எழுந்து நிற்க வேண்டியது நம் முறை.