செப்டம்பரில் பாதி, ஜனவரியில் முழுசு: குமிங்காவின் விலை என்ன?

2025 அக்டோபர் 1 நள்ளிரவுக்குள், நம் ஊர்க் கணக்கில் 2ஆம் தேதி காலை ஒன்பதரைக்குள், ஜோனாதன் குமிங்கா ஒரு பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. கூடைப்பந்து அணியான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கொடுத்திருந்த சுமார் 80 லட்சம் டாலர், ஓராண்டு ‘குவாலிஃபையிங் ஆஃபர்’ அதோடு காலாவதியாகவிருந்தது. இது பற்றி வந்த கடிதங்களைப் படித்தால் வாசகர்கள் இரண்டு கட்சியாக நின்றது தெரிகிறது. இருபத்திரண்டு வயதுக்காரனைக் கொடுத்து ஒரு நல்ல ஆளை வாங்கத் துப்பில்லையா என்பது ஒரு கட்சி. பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு எவன் டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வைத் தூக்கிக் கொடுப்பான் என்பது இன்னொரு கட்சி. இருவருமே ஆட்டத்தை வைத்துத்தான் வாதாடினார்கள். பேரம் சிக்கிக் கிடந்ததோ வேறோர் இடத்தில்.

ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். காங்கோவின் கோமா நகரில் பிறந்தவர். 2021 டிராஃப்டில் 7ஆவது தேர்வு. அடுத்த ஆண்டே சாம்பியன் மோதிரம். 2023-24இல் ஆட்டத்துக்கு 16.1 புள்ளி. 2024-25இல் கணுக்கால் காயத்தால் 47 ஆட்டம் மட்டுமே, சராசரி 15.3. பிப்ரவரியில் ஜிம்மி பட்லர் வந்ததும் இடம் நெருக்கடியானது. பட்லர், டிரேமண்ட் கிரீன், குமிங்கா மூவரையும் ஒன்றாக இறக்கினால் வெளியிலிருந்து எறிய ஆள் குறைந்தது; எதிரணி உள்ளே கும்பலாக நின்றுகொண்டது. குமிங்காவின் மூன்று புள்ளி எறிதல் 30.5 சதவீதம்தான். பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் இதை மறைக்கவும் இல்லை. ஏப்ரலில் கிளிப்பர்ஸுடன் கடைசி லீக் ஆட்டம், மெம்பிஸுடன் பிளே-இன், இரண்டிலும் ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. பிறகு மின்னசோட்டா தொடரில் ஸ்டெஃபன் கர்ரிக்குத் தொடைத்தசை இழுத்துக்கொண்டதும் வேறு வழியில்லாமல் இறக்கினார்கள். மூன்றாவது ஆட்டத்தில் 30 புள்ளி. ஏப்ரலைப் பார்ப்பவருக்கு ஒரு விலை, மே மாதத்தைப் பார்ப்பவருக்கு ஒரு விலை. இந்தச் சண்டை தீராது.

ஒப்பந்தம் முடிந்தவர் ஏன் கிளம்பிப் போக முடியவில்லை என்று பலர் கேட்டார்கள். வேறு அணி சொல்லும் விலையைத் தானும் கொடுத்து ஆளை நிறுத்திக்கொள்ளும் உரிமை பழைய அணிக்கு இருக்கிறது. ஐபிஎல் ஏலத்தின் ஆர்டிஎம் அட்டை போலத்தான். வளர்த்துவிட்ட அணி திறமையைப் பறிகொடுக்கக் கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். நான்கு வருடம் புதுமுகச் சம்பளத்துக்கு ஆடியவர் ஐந்தாவது வருடமும் சந்தையில் தன் விலையைக் கேட்டுப் பார்க்க முடியாமல் நிற்பதும் அந்த நியாயத்துக்குள் அடக்கம்போலும். 2025 கோடையில் சம்பள வரம்புக்குள் பெரிய இடம் வைத்திருந்தது புரூக்ளின் ஒன்றுதான். அவர்களுக்கே கேம் தாமஸ் என்று இதே வலையில் ஒருவர் இருந்தார். கடைசியில் குவாலிஃபையிங் ஆஃபரில் கையெழுத்துப் போட்டார். சிகாகோவின் ஜாஷ் கிடி மட்டும் நான்கு ஆண்டு, 10 கோடி டாலர் என்று கரையேறினார்.

வாங்க வரும் அணியிடம் காலி இடம் இல்லையென்றால் மிச்சமிருக்கும் பாதை, ‘கையெழுத்திட்டு மாற்றல்’. வாரியர்ஸ் புது ஒப்பந்தம் போட்டு, போட்ட கையோடு மற்ற அணிக்கு அனுப்ப வேண்டும். நான் சொல்ல வந்த பொறி இங்கேதான் இருக்கிறது. பொறி என்றால் இயந்திரம், கண்ணி இரண்டும்தான்.

சாக்ரமென்டோ கிங்ஸ் மாலிக் மாங்கையும் நிபந்தனையுடன் ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் தர முன்வந்ததாகச் செய்தி. மாங்கின் 2025-26 சீசன் சம்பளம் 1.88 கோடி டாலர். குமிங்காவுக்கு முதல் ஆண்டு 2.2 கோடி என்று வைத்துக்கொள்வோம். 2.2 போகிறது, 1.88 வருகிறது, வாரியர்ஸுக்குச் செலவு குறைகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். விதி அப்படி எண்ணுவதில்லை. சம்பள வரம்பைத் தாண்டி நிற்கும் அணி, தன் ஆளுக்கு 20 சதவீதத்துக்கு மேல் உயர்வு கொடுத்து உடனே மாற்றினால், அனுப்பும் அணியின் ஏட்டில் புதுச் சம்பளம் முழுதாக ஏறாது. அதில் பாதி, அல்லது பழைய சம்பளம், எது அதிகமோ அதுதான் ஏறும். குமிங்காவின் பழைய சம்பளம் சுமார் 76 லட்சம், 2.2 கோடியில் பாதி 1.1 கோடி. ஆக, வாரியர்ஸின் ஏட்டில் அவர் 1.1 கோடி ஆள். அதே நாள், அதே ஒப்பந்தத்தில், சாக்ரமென்டோவின் ஏட்டில் அவர் 2.2 கோடி ஆள்.

1.1 கோடியை அனுப்பி 1.88 கோடியை வாங்கவும் விதி இடம் தருகிறது. ஆனால் அனுப்பியதைவிட அதிகம் வாங்கிய அணிக்கு ‘முதல் ஏப்ரன்’ என்கிற கோடு (2025-26இல் 19.59 கோடி) அந்த சீசன் முழுக்கத் தாண்ட முடியாத கூரையாகிவிடும். கர்ரி, பட்லர், கிரீன் மூவருக்கு மட்டும் 13.96 கோடி. அப்போது கையிலிருந்த ஒன்பது பேருக்கும் சேர்த்துச் சுமார் 17.05 கோடி. மாங்க் வந்தால் 18.93. கூரைக்கு மிச்சம் 66 லட்சம். அணியில் 14 பேராவது வேண்டும். இன்னும் நான்கு பேர் பாக்கி. அனுபவஸ்தர்களைக் குறைந்தபட்சக் கூலிக்கு எடுத்தாலும் தலைக்கு 23 லட்சம், மொத்தம் 92 லட்சம். இடிக்கிறது. குறைந்தபட்சத்துக்கு மேல் கேட்கும் அல் ஹோர்ஃபோர்ட் போன்ற ஆளைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. இரவில் வீட்டுக் கணக்கு எழுதுபவர்களுக்கு இது புரியும்: மாங்க் நல்ல ஆளா என்கிற கேள்விக்கே வாரியர்ஸ் வந்து சேரவில்லை.

இந்தப் பாதிக் கணக்கு எதற்கு? சம்பளத்தைச் செயற்கையாக ஊதிப் பெருக்கி, அந்த எடையை மட்டும் காட்டி பெரிய நட்சத்திரத்தை வாங்கும் தந்திரத்தை அடைக்கத்தான். ஒரு காலத்தில் இது இன்னும் பரவலாகப் பொருந்தியது. லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்திலிருந்து கையெழுத்திட்டு மாற்றலுக்கு மட்டும் என்று சுருங்கியது. அங்கேதான் ஓட்டை. இதே குமிங்கா இதே 2.2 கோடிக்கு அப்போது கையெழுத்திட்டு அணியிலேயே இருந்தால், 2026 ஜனவரி 15 வரை அவரை மாற்ற முடியாது. அன்று விடிந்ததும் பாதிக் கணக்கு கிடையாது, 2.2 கோடியும் முழுசாக ஏட்டில் ஏறும். எந்தத் தந்திரத்தை அடைத்தார்களோ அதற்கு மூன்றரை மாதக் காத்திருப்பைத்தான் விலையாக வைத்திருக்கிறார்கள். நடுவில் அவர் ஒரு கூடைகூடப் போடாவிட்டாலும் வாரியர்ஸுக்கு அவருடைய பேர மதிப்பு இரட்டிப்பு.

இதை வைத்துக்கொண்டு வாரியர்ஸ் தருவதாகச் சொல்லப்பட்ட ஒப்பந்தத்தைப் படியுங்கள்: இரண்டு ஆண்டு, சுமார் 4.5 கோடி, இரண்டாம் ஆண்டு அணியின் விருப்பம். இப்படி ஓராண்டும் ஒரு விருப்ப ஆண்டுமாகப் போட்டால், மாற்றலை மறுக்கும் உரிமை விதிப்படி ஆட்டக்காரருக்கு வந்துவிடும். அதையும் முன்கூட்டியே விட்டுக்கொடுக்கச் சொன்னார்களாம். எதிர்காலத்துக்கான முதலீடு என்று யார் சொன்னாலும், ஜனவரியில் தூக்கிக் கொடுக்க வசதியாகக் கட்டிய பொட்டலம் இது. விருப்ப ஆண்டு இருப்பதால் வாங்குகிறவருக்கும் அடுத்த கோடையில் கைகழுவ வழி உண்டு. குமிங்கா இழுத்தடித்ததைத் திமிர் என்று எழுதியவர்களுக்கு: பொட்டலத்துக்குள் இருப்பவர் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்வார்.

இனி, அப்போது வந்த மற்றக் கேள்விகள்.

குவாலிஃபையிங் ஆஃபரை ஏற்றிருந்தால்? அந்த ஆண்டு பெரும் பணம் போயிருக்கும். ஆனால் அவர் சம்மதமின்றி யாரும் மாற்றியிருக்க முடியாது, 2026 கோடையில் முழு விடுதலை.

அதில் ஆபத்து? இன்னொரு கணுக்கால் காயம்.

வாரியர்ஸ் ஏன் கோடை முழுக்க வேறு யாரையும் எடுக்கவில்லை? இவர் எந்தத் தொகைக்கு முடிகிறார் என்று தெரியாமல் கூரைக்கு எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை.

மாங்குக்கு நான் குமிங்காவைக் கொடுத்திருப்பேனா? செப்டம்பரில் மாட்டேன். ஜனவரி 16 அன்று அதே பேரம் இருந்தால் தேர்வின் நிபந்தனையைப் பார்த்துவிட்டுக் கொடுத்திருப்பேன்.

அதுவரை சாக்ரமென்டோ காத்திருந்திருக்குமா? அது வாரியர்ஸ் ஆடிய சூதாட்டம்.

அக்டோபர் 1 தாண்டியிருந்தால் சுதந்திரமா? இல்லை; ஆஃபர்தான் போயிருக்கும், விலையைச் சமன் செய்து நிறுத்தும் உரிமை வாரியர்ஸிடமே இருந்திருக்கும்.