ஓமான் யாத்திரை – 7: நட்சத்திரங்கள் அளந்த தண்ணீர்

மஸ்கத்தை விட்டு ஹஜர் மலைகளினூடே நிஸ்வா நகரம் வந்து சேர்ந்த வரலாற்றைச் சென்ற வாரமே சொல்லியாயிற்று; அதை மீண்டும் விரிப்பதற்கில்லை. 1650-இல் போர்த்துகீசியரை மஸ்கத்திலிருந்து வெளியேற்றிய இமாம் சுல்தான் பின் சைஃப், 12 ஆண்டுக் காலம் உழைத்து எழுப்பிய நிஸ்வாக் கோட்டையை இவ்வாரம் வர்ணிப்பதாக வாக்களித்திருந்தேன். ஆனால் அந்நகரின் பேரீச்சந் தோப்புகளுக்கு உயிரூட்டிவரும் தாரிஸ் ஃபலஜ் என்னும் கால்வாயைக் கண்ட கணம் முதல், என் சிந்தை வேறெதிலும் நிலைகொள்ள மறுக்கிறது.

ஃபலஜ் என்பது வெறும் வாய்க்கால் அன்று. மலையடிவாரத்தில் ஆழமான தாய்க் கிணறு ஒன்றைத் தோண்டி, அங்கே ஊறும் நீரைப் பல மைல் தூரம் பூமிக்கடியிலேயே, கண்ணுக்குத் தெரியாத மென்மையான சரிவில், வெயில் உறிஞ்சிவிடாதபடி கொண்டுவந்து, ஊர் எல்லையில் வெளிச்சத்துக்கு விடுவது அதன் சிறந்த வகை. குறுக்கே காட்டாறு வந்தால், நீரை ஆற்றுப் படுகைக்குக் கீழே இறக்கி மறுகரையில் தானாகவே மேலெழச் செய்துவிடுவார்கள்! இறைக்கும் இயந்திரம் எதுவும் இல்லை. நபி சுலைமான் இந்நாட்டுக்கு வந்து, பத்தே நாட்களில் பத்தாயிரம் கால்வாய்களை ஜின்களைக் கொண்டு வெட்டுவித்தார் என்பது மக்கள் வழங்கும் ஐதிகம். சுரங்கம் தோண்டுவதில் புகழ்பெற்ற அவாமிர் குலத்தாரின் கைகளைப் பற்றிக் கேள்விப்பட்டபோது, ஜின்களின் கீர்த்தியில் பெரும்பகுதி அவர்களையே சேரவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

எனினும், என்னை வியப்பில் ஆழ்த்தியது வெட்டிய திறமையைக் காட்டிலும் பங்கிட்ட தர்மமே. நீர் வெளிப்படும் முதல் இடத்தில் குடிப்பதற்கு எடுத்துக்கொள்ள எல்லோருக்கும் உரிமை உண்டு, அதன் பிறகே பள்ளிவாசலும் குளியலிடங்களும், அப்பால் பேரீச்சை, எஞ்சியது பருவப் பயிருக்கு. வறட்சி வந்தால் பயிர் நிலத்தைத் தரிசாக விட்டு மரங்களைக் காப்பாற்றுவார்கள். தோப்புக்குரியவர்களின் பங்கோ நீரின் அளவால் அன்று, காலத்தால் கணக்கிடப்படுகிறது. ஏறக்குறைய அரை மணி நேரம் ஓர் ‘அதர்’. அவரவர் பங்குக்கேற்ப மடை திறக்கும்.

பகலில் அந்த நேரத்தை அளந்தது, தரையில் நட்ட கோலின் நிழல். அப்படியானால் இரவில்? இக்கேள்விக்குக் கிடைத்த விடைதான் இந்த வாரம் முழுவதும் என்னை உறங்கவிடாமல் செய்தது. இரவில் முறையை அறிவித்தவை நட்சத்திரங்கள்! ஊரார் வழிவழியாகக் குறித்துவைத்த ஓரிடத்தில் நின்று, இன்ன விண்மீன் இன்ன மலைமுகட்டுக்கு மேல் எழுந்தது, இன்னது இன்ன சுவருக்குப் பின்னே மறைந்தது என்று பார்த்து, ஒருவர் மடையை அடைத்து அடுத்தவர் மடையைத் திறந்திருக்கிறார்கள். நட்சத்திரம் நாள்தோறும் சுமார் நான்கு நிமிஷம் முந்தி உதிப்பதால், ஒரு பருவத்தில் உதவும் விண்மீன் மற்றொரு பருவத்தில் உதவாது. ஆதலால் ஆண்டு முழுமைக்குமான வானத்தை மனத்தில் பதித்துக்கொண்ட விவசாயிகள் அங்கே இருந்தாக வேண்டும். அவ்விண்மீன்களின் பெயர்கள்கூட ஊருக்கு ஊர் மாறுபடுகின்றனவாம். பெரும்பாலான ஊர்களில் கைக்கடிகாரம் இப்பணியை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆயினும், அக்கடிகாரம் காட்டும் நேரத்துக்குக் கட்டுப்படும் மனம் அந்தப் பழைய வானத்தின் கீழ் பழகிய மனமேயல்லவா?

இன்று மஸ்கத் நகரம் கடல்நீரைக் குடிநீராக்கிப் பருகுகிறது. நாட்டுப்புறத்திலோ, இயந்திரம் பூட்டிய ஆழ்குழாய்க் கிணறுகள் நிலத்தடி நீரைக் கீழே இழுத்து, சில கால்வாய்களை வறளச் செய்கின்றன. ஃபலஜ் தனக்கு வந்ததை மட்டுமே எடுக்கும். இயந்திரம் வேண்டிய மட்டும் எடுக்கும். இப்போட்டிக்கு நடுவிலும் ஏறக்குறைய 3,000 ஃபலஜ்கள் நாட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. தாரிஸ் உள்ளிட்ட ஐந்தினை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கல்லும் சுண்ணாம்பும் மட்டும் இவற்றை இத்தனை நூற்றாண்டுகள் காத்திருக்க முடியாது. தன் முறை முடிந்ததும் மடையைத் தானே அடைத்த மனிதன்தான் இவற்றைக் காத்தான் என்பதே என் உறுதியான எண்ணம்.

கால்வாய்க்கென்றே சொந்தமாகச் சில பங்குகள் ஒதுக்கி, அவற்றை ஏலம் விட்டு, வந்த பணத்தில் சுரங்கத்தைப் பழுதுபார்க்கும் வழக்கத்தையும், அக்கணக்கைப் பேணும் வகீலின் பொறுப்பையும் சொல்லாமல் கோட்டைக்குள் நுழைவது நியாயமாகாது. ஆகவே அடுத்த வாரம் ஏலம். அதன் பின்னரே கோட்டை.